எழுதுவோர்க்கு அவை எதற்கு?

எழுத்து தனிமையில் பிறப்பது. பகலெல்லாம் அலுவலகக் கோப்புகளைப் புரட்டிய கை, வீட்டார் உறங்கிய பின்னர், தனக்கென்று ஒரு தாளை விரித்துக்கொள்கிறது. அந்நேரத்தில் அருகில் ஒருவரும் இல்லை, இருத்தலும் கூடாது. ஒரு சொல்லை எழுதி, அதனை அடித்து, வேறொரு சொல்லைத் தேடும் முயற்சியில் பிறர் துணை பயன்படுவதில்லை. நாற்று நடப் பத்துப் பேர் கூடலாம். தேர் இழுக்க ஓர் ஊரே கூடலாம். ஒரு வாக்கியத்தை எழுத ஒருவரே வேண்டும்.

அவ்வாறிருக்க, எழுத்தாளர்கள் மாநாடு கூட்டுவது எதற்கு? தனியே செய்ய வேண்டிய தொழிலுக்குக் கூட்டம் ஏன்?

இவ்வினாவை எம்மிடம் பன்முறை எழுப்பிய அன்பர் ஒருவர் மும்பையில் இருக்கிறார். முப்பது ஆண்டுக் காலப் பழக்கம். நன்றாக எழுதுபவர், எழுதியதை வெளியே காட்டாதவர். எழுத்தாளர் கூட்டத்திற்கு அழைக்கும் போதெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே ஒரே விடையைத்தான் தருவார்: “அந்த இரண்டு நாளில் நான் இரண்டு பக்கம் எழுதிவிடுவேன்.”

இவ்விடையை எளிதில் தள்ளிவிட முடியாது. எழுத்தாளனின் முதற்கடமை எழுதுதல். அக்கடமைக்கு உதவாத எதுவும், எத்துணைப் பெருமையுடையதாயினும், அவனுக்கு வீண். ஆகவே மாநாட்டால் மகிழ்ச்சி உண்டாகிறதா என்பதன்று கேள்வி. அதனால் எழுத்து மேம்படுகிறதா, எழுதுபவன் மேம்படுகிறானா என்பதே கேள்வி. இதனை ஓர் அறவினாவாகவே கொண்டு ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

குறைகளை மறைப்பதற்கில்லை

மாநாடுகளின் குறைகளை யாம் அறியாதவர் அல்லோம். வரவேற்புரை வாழ்த்துரையாகி, வாழ்த்துரை தலைமையுரையை விழுங்கி, கட்டுரை படிக்க வந்தவர்க்கு ஐந்து மணித்துளிகளே எஞ்சும் அவைகளில் யாமும் அமர்ந்திருக்கிறோம். சால்வைகளை எண்ணிப் பார்த்தால் கட்டுரைகளை விட மிகுதியாக இருக்கும். தம் பேச்சு முடிந்ததும் எழுந்து செல்லும் பேச்சாளரையும் பார்த்திருக்கிறோம். தாமே அவ்வாறு எழுந்து சென்றதும் உண்டு என்று ஒப்புக்கொள்வதே நேர்மையாகும்.

இக்குறைகள் யாவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அவைக்குச் செல்வோர் பேசுவதற்காகவும் காணப்படுவதற்காகவும் செல்கின்றனர். கேட்பதற்காகச் செல்வோர் சிலரே. ஆனால் அவையென்பது நம் முன்னோர் கருத்தில் கேட்கும் இடமாகவே இருந்தது. வள்ளுவப் பெருந்தகை கல்வியைக் கூறிய பின், அறிவுடைமைக்கு நேரே செல்லவில்லை. இடையில் கல்லாமையையும் கேள்வியையும் வைத்தார். ஏட்டில் கற்பதற்கும் அறிவு பெறுவதற்கும் நடுவே செவியால் பெறவேண்டியது ஒன்று உண்டு என்பது அவ்வைப்பு முறையிலேயே விளங்குகிறது.

சிதறியதால் இழந்தது

இறையனார் அகப்பொருள் உரையில் வரும் பழங்கதையைத் தமிழன்பர் பலரும் அறிவர். ஆயினும் புலம்பெயர்ந்து வாழும் நம்மைப் போன்றோர் அதனை மீண்டும் ஒருமுறை நினைந்து பார்த்தல் தகும்.

பாண்டி நாட்டில் பன்னீராண்டு வற்கடம் நேர்ந்தது. புலவர்களைப் புரக்க இயலாத மன்னன், அவர்களை வேற்று நாடுகளுக்குச் சென்று உயிர் பிழைத்து, நாடு செழித்த பின் திரும்புமாறு வேண்டினான். மழை பெய்தது, நாடு தளிர்த்தது, ஆள் விடுத்து அழைத்ததும் புலவர் வந்தனர். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லோர் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லோரைக் காணோம் என்றனர். மன்னன் பெரிதும் கவன்றான். எழுத்தும் சொல்லும் ஆராய்வது பொருளின் பொருட்டன்றோ!

இக்கதையை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் இதனுள் ஓர் உண்மை இருக்கிறது. மக்கள் சிதறும்போது அவர்தம் அறிவும் சிதறுகிறது. அவ்வாறு சிதறியதில் எது தொலைந்தது என்பது, தனித்தனியே வாழும் வரையில் ஒருவருக்கும் தெரிவதில்லை. மீண்டும் ஓரிடத்தில் கூடி, ஒவ்வொருவரும் தத்தம் கையிருப்பை முன்வைத்து எண்ணிப் பார்க்கும்போதுதான் “இது காணவில்லை” என்று தெரிகிறது. மன்னன் அழைத்திராவிடில், பொருளிலக்கணம் மறைந்ததை அந்நாட்டார் அறிந்தே இருக்கமாட்டார்கள்.

ஆகவே அவையின் முதற்பயன் புகழுமன்று, புதிய அறிவும் அன்று. தன் குறையைத் தான் அறிதலே அதன் முதற்பயன் என்போம்.

தொல்காப்பிய அரங்கேற்றத்திலும் இதே கருத்தைக் காணலாம். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அந்நூல் அரங்கேறியதாகப் பனம்பாரனார் பாயிரம் கூறுகிறது. அதற்கு உரையாசிரியர் ஒரு கதையும் சேர்த்துள்ளார். அந்நூலைக் கேளாதே என்று அகத்தியர் தடுத்தாராம். மறுக்கவும் இயலாமல், ஏற்கவும் இயலாமல் நின்ற ஆசான், நூலைக் கேட்டு அதிற் குற்றம் கூறினாராம். தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை தந்தாராம். குற்றம் காணும் செவி ஒன்றின் முன் வைக்கப்பட்டு, அதனைத் தாங்கி நின்ற பின்னரே ஒரு நூல் நூலாகிறது என்பது நம்மவர் கொள்கை. பாராட்டும் அவையை அல்ல, வினவும் அவையையே அவர்கள் தேடினர்.

எம் கதை

இதனை யாம் ஏட்டில் படித்து அறிந்ததாகச் சொல்வதற்கில்லை. வெட்கி அறிந்தோம்.

இம்மாநகர் பம்பாய் என்று வழங்கிய காலத்தில், ஊரை விட்டு வந்து இருபது ஆண்டுகள் கடந்த நிலையில், யாம் ஒரு சிறுகதை எழுதினோம். காவிரிப் பாசனத்துச் சிற்றூர், அறுவடை நாள், களத்து மேட்டில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஒரு பிணக்கு. எழுதும்போதே கண் கலங்கியது. வீட்டில் மனைவிக்குப் படித்துக் காட்டினோம். நன்றாக இருக்கிறது என்றார். குழந்தைகளிடம் கொடுத்தோம், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க அவர்களுக்குப் பொறுமையில்லை. அதன் பின் அக்கதை ஈராண்டு பெட்டிக்குள் உறங்கியது.

பின்னர் நகரத் தமிழர் நடத்திய இருநாள் எழுத்தாளர் கூட்டத்தில் அதனைப் படிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. அவையில் நாற்பது பேர் இருந்திருக்கலாம். படித்து முடித்ததும் கையொலி எழுந்தது. எம் உள்ளம் குளிர்ந்தது. அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்தார். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் என்று பின்னர் அறிந்தோம்.

“தம்பி, கதை நன்றாயிருக்கிறது. ஆனால் குறுவையைத் தை மாதத்தில் அறுத்துவிட்டீர்களே! குறுவை புரட்டாசியிலேயே வீடு வந்துவிடுமே. தையில் களத்துக்கு வருவது சம்பா அல்லவா?” என்றார்.

அவையில் மெல்லிய சிரிப்பு. எமக்கு முகம் எரிந்தது. உழவர் குடியிற் பிறந்த யாம், எந்நெல் எத்திங்களில் விளையும் என்பதை மறந்திருந்தோம்! மறந்தது என்பதையும் அறியாதிருந்தோம். இருபது ஆண்டுகளாக எம் நினைவு தன்போக்கில் வண்ணம் தீட்டிக்கொண்டே வந்திருக்கிறது. களம் இருந்தது, வைக்கோலின் மணம் இருந்தது, அறுவடை என்றவுடன் பொங்கலும் வந்து ஒட்டிக்கொண்டது, திங்கள் மட்டும் பொய்த்துவிட்டது. அறையில் தனியே அமர்ந்து நூறு முறை திருத்தியிருந்தாலும் அப்பிழையை யாம் கண்டிருக்க மாட்டோம். எந்த நினைவு பிழை செய்ததோ, அதே நினைவைக் கொண்டன்றோ திருத்துகிறோம்!

உணவு வேளையில் அம்முதியவர் தம் இலையை எம் அருகில் இட்டு அமர்ந்தார். வருந்தினீர்களா என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர் இன்னொன்று கேட்டார்: “உங்கள் கதையில் ஊர் இருக்கிறது. நீங்கள் இருக்கிற ஊர் எங்கே?”

இக்கேள்விக்கு அன்று எம்மிடம் விடையில்லை. இருபது ஆண்டுகள் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு சென்றோம். மாதுங்காவில் கறிவேப்பிலையும் தாராவியில் பானையும் வாங்கினோம். பக்கத்து வீட்டு மராத்தியம்மையார் எம் மகளின் காய்ச்சலுக்கு இரவெல்லாம் கண்விழித்தார். இவற்றுள் ஒன்றுகூட எம் எழுத்தில் இல்லை. ஊரைப் பற்றி எழுதுவதே தமிழில் எழுதுவது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். வாழும் ஊருக்கு வாடகை கொடுத்தோமேயன்றி, ஒரு வரியும் கொடுத்ததில்லை. அம்முதியவர் எம்மை எழுத்தாளன் ஆக்கினார் என்று சொன்னால் மிகையாகும். ஆனால் எம் பேனாவைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தவர் அவரே.

எம் அன்பர் கூறும் இரண்டு பக்கங்களை அவ்விரு நாளில் யாம் எழுதவில்லை. ஆனால் எழுதியிருந்தால், அவையும் தையில் குறுவை அறுத்த பக்கங்களாகவே இருந்திருக்கும்.

பிறர் பெற்ற பயன்

இது எமக்கு மட்டும் வாய்த்த அனுபவமன்று. நம் நாட்டில் புலம்பெயர்ந்து வாழ்ந்த பிற மொழியினரும் இதனை உணர்ந்தே அவைகளைக் கூட்டினர்.

வங்கத்துக்கு வெளியே வாழ்ந்த வங்காளியர் 1923ஆம் ஆண்டு காசியில் முதன்முறையாக ஓர் இலக்கியப் பேரவை கூட்டினர். அதற்குத் தலைமை தாங்கியவர் இரவீந்திரநாத் தாகூர். இலக்னோவில் வழக்கறிஞராக வாழ்ந்த கவிஞர் அதுல் பிரசாத் சென் போன்றோர் அதற்குத் தோள் கொடுத்தனர். நீதிமன்றத்தில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். கொல்கத்தாவில் எழுதப்படுவதைப் படித்துக்கொண்டிருந்தால் போதாது. தாமும் ஒருவர்க்கொருவர் படித்துக் காட்ட வேண்டும் என்று அவர்கள் கருதினர். அப்பேரவை பின்னாளில் அனைத்திந்திய அமைப்பாக வளர்ந்தது.

அவையால் விளையும் பயன் அறிவளவில் நிற்பதன்று. அது சோற்றுக்கும் உதவும். 1945ஆம் ஆண்டு கோட்டயத்தில் மலையாள எழுத்தாளர் பன்னிருவர் ஒன்றுகூடி, 120 ரூபாய் முதலீட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினர். சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கம் என்பது அதன் பெயர். எழுதியவனுக்குப் பதிப்பாளர் தரும் சிறு தொகையே கூலி என்றிருந்த காலத்தில், நூல் விலையில் நூற்றுக்கு முப்பது வீதம் உரிமைத் தொகையாக எழுத்தாளர்க்கே அளிக்க அச்சங்கம் முன்வந்தது. பன்னிருவரும் தனித்தனியே பதிப்பாளர் படியேறிக்கொண்டிருந்த வரையில், தமக்கு வரவேண்டியது எவ்வளவு என்பதே அவர்களுக்குத் தெளிவாகியிராது. ஓரிடத்தில் அமர்ந்து ஒருவர் கணக்கை மற்றவர் கணக்குடன் ஒப்பிட்டால்தான் உரிமை உரிமையாகத் தெரியும்.

நம் தமிழுக்கும் அத்தகைய நல்வாய்ப்பு ஒன்று தமிழ்நாட்டுக்கு வெளியிலேயே வந்தது. 1964ஆம் ஆண்டு சனவரித் திங்களில் புதுதில்லியில் கீழைக்கலை அறிஞர்களின் அனைத்துலக மாநாடு நடைபெற்றது. பல நாடுகளிலிருந்து வந்திருந்த அறிஞருள் தமிழாராய்ச்சியில் ஈடுபட்டோர் சிலரை, தனிநாயக அடிகளும் வ. அய். சுப்பிரமணியமும் ஒருங்கு கூட்டினர். அவ்விடத்திலேயே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அதன் முதல் தலைவராகப் பிரெஞ்சு அறிஞர் பிலியோசா அமைந்தார். ஈராண்டுகளில், 1966இல், கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. வேறொரு பெருங்கூட்டத்தின் இடைவேளையில் ஒரு சிறு குழு சந்தித்ததால் விளைந்தது இது. மாநாட்டின் பயன் மேடையிலேயே கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுவோர், தாழ்வாரத்தையும் உணவுப் பந்தியையும் மறந்துவிடுகின்றனர்.

வாயிலுக்கு வெளியே நிற்பவர்

இதுகாறும் கூறியவற்றால் அவை என்பது என்றும் நன்மையே செய்யும் என்று கொள்ளலாகாது. நாம் வாழும் இம்மராத்திய மண்ணே நமக்கு வேறொரு பாடத்தையும் கற்பிக்கிறது.

1878ஆம் ஆண்டு புனே நகரில் மராத்தி நூலாசிரியர்களின் முதல் மாநாடு நீதிபதி ரானடே தலைமையில் கூடியது. இன்றளவும் தொடர்ந்து நடைபெறும் மராத்தி இலக்கியப் பேரவைகளுக்கு அதுவே வித்து. 1885இல் இரண்டாம் மாநாடு கூடவிருந்தபோது, மகாத்மா சோதிபா பூலேக்கும் அழைப்புச் சென்றது. 1848ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர். தம் துணைவியார் சாவித்திரிபாயையே ஆசிரியராக்கியவர். 1873இல் ‘குலாம்கிரி’ எழுதியவர். அவர் அவ்வழைப்பை ஏற்கவில்லை. மறுத்து ஒரு மடல் எழுதினார். மாந்தர் யாவர்க்கும் உரிய உரிமைகளை மனமார வழங்க முன்வராதவர்களின் அவையும் நூல்களும், தம்மவரின் அவைக்கும் நூல்களுக்கும் பொருந்தி வாரா என்பது அம்மடலின் கருத்து.

இம்மறுப்பை எம் அன்பரின் மறுப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. அன்பர் அவையே வேண்டாம் என்கிறார். பூலேயோ, அவை என்று பெயர் சூடிக்கொண்டு ஒரு பகுதியாரின் குரலை மட்டும் கேட்கும் கூட்டம் அவையாகாது என்கிறார். முன்னது தனிமையை நாடுவது. பின்னது மெய்யான அவையை நாடுவது. அவர் அன்று மறுத்த செயலும் அவைக்கு ஒரு தொண்டே ஆயிற்று. அவர் காட்டிய வழியில் வந்தோர், 1958ஆம் ஆண்டு இம்மும்பையிலேயே முதல் தலித் இலக்கியப் பேரவையைக் கூட்டினர். பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இல்லாமலே பெரும்புகழ் எய்திய அண்ணாபாவு சாத்தே அதில் உரையாற்றினார். உலகம் ஆதிசேடனின் தலைமேல் நிற்கவில்லை, உழைப்போரின் உள்ளங்கை மேல் நிற்கிறது என்ற பொருள்பட அவர் கூறியதை மராத்தியர் இன்றும் நினைவு கூர்கின்றனர்.

அவைக்கு வேறொரு தீங்கும் நேர்வதுண்டு. அது ஆட்சியாளரின் நிழல். அதற்கும் இம்மண்ணில் விடையுண்டு. நெருக்கடி நிலை நடப்பிலிருந்த 1975ஆம் ஆண்டில், கராடு நகரில் கூடிய மராத்தி இலக்கியப் பேரவைக்குத் துர்க்கா பாகவத் அம்மையார் தலைமை தாங்கினார். எழுத்துரிமை ஒடுக்கப்பட்டதை அஞ்சாது கண்டித்தார். நோயுற்றிருந்த செயப்பிரகாச நாராயணர் நலம் பெற அவையோர் வேண்டுமாறு கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு அவர் சிறைப்பட்டார். அவ்வுரையை அவர் தம் அறையில் எழுதி வைத்திருந்தால் அது ஒரு நாட்குறிப்பு. ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் கூறியதால் அது ஒரு செயலாயிற்று. அவையஞ்சாமை என்பதற்கு நாம் பள்ளியில் கற்ற பொருள், திக்காமல் பேசுதல் என்பது. அதன் மெய்ப்பொருளை அன்று அம்மையார் காட்டினார்.

ஆகவே அவை கூட்டுவோரும் அவைக்குச் செல்வோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இரண்டு. இங்கே யார் இல்லை? இங்கே எது பேசப்படவில்லை? நம் தமிழ்ச் சங்கங்களையே எடுத்துக்கொள்வோம். அலுவலர் வருகின்றனர், ஆசிரியர் வருகின்றனர், வங்கியில் பணிபுரிவோர் வருகின்றனர். அதே நகரில் இட்டிலிக் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாய் விற்கும் தமிழர் வருகின்றனரா? தோல் பதனிடுவோரும் பானை வனைவோரும் வீட்டு வேலை செய்யும் பெண்டிரும் வருகின்றனரா? அவர்கள் வாயிலுள்ள தமிழ், நம் மலர்களில் உள்ள தமிழை விட உயிர்ப்புடையதாயிருக்கலாம். பொருளதிகாரம் வல்லோரைக் காணோம் என்று மன்னன் கவன்றான். நாம் கவல்கின்றோமா?

எவ்வாறு செல்ல வேண்டும்?

மாநாட்டுக்குச் செல்லலாமா என்ற வினா, எவ்வாறு செல்வது என்ற வினாவாக இப்போது மாறிவிட்டது. எம் சிற்றறிவுக்கு எட்டியவற்றைச் சொல்கிறோம். பேசப் பத்து மணித்துளி கிடைத்தால், கேட்கப் பத்து மணி நேரம் ஒதுக்குக. தம் கட்டுரை முடிந்ததும் எழாமல், தமக்குப் பின் படிக்கும் இளைஞரின் கட்டுரைக்கு முதல் வரிசையில் அமர்க. முடிந்த நூலை மட்டுமன்றி, முடியாத பக்கம் ஒன்றையும் கையில் கொண்டு செல்க. பிழை பிடிக்கப்படுவதற்கென்றே அதனைப் படிக்க. அறிமுகமானவரோடு அமராமல், அறியாதவர் பக்கத்தில் இலை இடச் சொல்க. திரும்பி வந்த அன்றிரவே, கேட்டவற்றுள் உள்ளத்தைத் தைத்ததை எழுதி வைக்க. உள்ளம் குளிர்ந்ததை எழுதி வைக்க வேண்டுவதில்லை. அது தானே நினைவிலிருக்கும்.

இறுதியாக, தொடக்கத்தில் கூறிய பழங்கதைக்குத் திரும்புவோம். அதன் பிற்பகுதி இன்னும் வியப்பானது. இறைவன் அருளிய அகப்பொருள் நூலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டனர். யாருடைய உரை மெய்யுரை என்று தீர்மானிக்கக் காரணிகன் ஒருவன் வேண்டும். அவ்விருக்கை அரசனுக்கும் கிடைக்கவில்லை, மூத்த புலவர்க்கும் கிடைக்கவில்லை. உப்பூரி குடிகிழார் மகனாகிய உருத்திரசன்மன் என்ற ஐந்தாண்டுச் சிறுவன் அதில் அமர்ந்தான். அவன் பேச இயலாதவன். புலவர் ஒவ்வொருவராகத் தம் உரையைப் படிக்க, அவன் கேட்டுக்கொண்டிருந்தான். மருதன் இளநாகனார் உரையில் சிற்சில இடங்களில் அவன் மெய் சிலிர்த்தது. நக்கீரனார் உரையைக் கேட்டபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்தது. அதுவே தீர்ப்பாயிற்று.

நம் இல்லங்களில் வளரும் குழந்தைகளை யாம் இப்போது எண்ணிப் பார்க்கிறோம். வடநாட்டிலும் மேலைக் கடற்கரையிலும் வங்கத்திலும் பிறந்து வளரும் தமிழ்க் குழந்தைகளுட் பலர், தமிழைக் கேட்டால் விளங்கிக்கொள்வர். பேசச் சொன்னால் தயங்குவர். படிக்கச் சொன்னால் மறுப்பர். தமிழைப் பொறுத்தவரையில் அவர்களும் உருத்திரசன்மர்களே. பேச வாராத செவிகள் அவை. அவர்களுக்கு நம் எழுத்தைக் கொண்டு சேர்க்க அச்சுத்தாள் உதவாது, அவர்கள் படிக்கமாட்டார்கள். ஆனால் ஓர் அவையில் பின்வரிசையில் தாயின் மடியருகே அமர்ந்து, ஒருவர் உரக்கப் படிக்கும் கதையை அவர்கள் கேட்பார்கள். கதை மெய்யாயின் கண் விரியும். பொய்யாயின் கால் ஆடத் தொடங்கும். இதைவிடச் செம்மையான தீர்ப்பை எந்த இதழிலும் நாம் பெறப்போவதில்லை.

எம் சொந்த மகளே இதற்குச் சான்று. எம் நூல்கள் எதனையும் அவள் படித்ததில்லை. ஆயினும் அம்முதியவரின் கேள்விக்குப் பின் யாம் எழுதிய ஒரு கதையை, சங்கத்தில் படிக்கக் கேட்டிருந்தாள். அன்று வீடு திரும்பும் வழியில், “அதில் வருகிற மராத்திப் பாட்டி நம் பக்கத்து வீட்டு ஆஜிதானே அப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றோம். வேறொன்றும் அவள் சொல்லவில்லை. எமக்கு அது போதும்.

அடுத்த கூட்டத்திற்கும் எம் அன்பரை அழைக்க இருக்கிறோம். அவர் வழக்கம்போல் இரண்டு பக்கக் கணக்கைச் சொல்வார். அவ்விரண்டு பக்கங்களையும் எழுதி முடித்துவிட்டே வருக, வந்து எங்களுக்குப் படித்துக் காட்டுக என்று இம்முறை விடை கூறுவோம். வினவுவதற்கு முதியவர் ஒருவர் இருப்பார். கேட்பதற்குப் பின்வரிசையில் குழந்தைகள் இருப்பார்கள்.